கட்டுவதா, கட்டியதை வாங்குவதா? மாநகராட்சி ஒரு கட்டடத்தை விலைக்கு வாங்கினால் கவனிக்க வேண்டியவை: காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

காஞ்சிபுரம் 1866இல் நகராட்சி ஆனது. 2021இல் மாநகராட்சி ஆனது. நடுவில் 2011இல் செவிலிமேடு உள்ளிட்ட சுற்றுப் பகுதிகளும் நகரத்தோடு சேர்ந்தன. இப்போது 51 வார்டுகள். அந்தஸ்து ஓர் அரசாணையில் உயர்ந்துவிடும். ஆனால் ஆபீசுக்கான இடம் அப்படி வளராது. வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு, சுகாதாரம், பொறியியல் என ஒவ்வொரு பிரிவுக்கும் அறை வேண்டும், ஃபைல் வைக்க இடம் வேண்டும், வருகிற மக்கள் உட்கார நாற்காலி வேண்டும்.

இது காஞ்சிபுரத்தின் பிரச்சினை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் சமீப வருடங்களில் நகராட்சியாக, மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த எல்லா ஊர்களும் சந்திக்கும் கேள்வி. இடம் போதாத உள்ளாட்சிக்கு மூன்று வழிதான் உண்டு. புதிதாகக் கட்டலாம். வாடகைக்கு எடுக்கலாம். அல்லது ஏற்கெனவே கட்டி நிற்கும் ஒரு கட்டடத்தை விலைக்கு வாங்கலாம். முதல் இரண்டும் நமக்குப் பழக்கம். மூன்றாவதைப் பற்றி டீக்கடையில் பேச்சு வந்தால், "வாடகையா கொட்டுற காசுக்கு ஒரு பில்டிங்கையே வாங்கிப் போட்டுடலாமே" என்று ஒருவர் சொல்வார். "ஆமா, யாரோட பில்டிங்க யாருக்காக வாங்கப் போறாங்களோ" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

அரசு கட்டடம் வாங்குவது புது விஷயமா?

இல்லை. சென்னை மெரினா எதிரே நிற்கும் சேப்பாக்கம் அரண்மனையே அதற்குப் பழைய சாட்சி. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768 வாக்கில் எழுப்பிய மாளிகை அது. கடைசி நவாப் 1855இல் வாரிசு இல்லாமல் இறந்ததும் ஆங்கிலேயர்கள் நவாப் பட்டத்தையே ஒழித்தார்கள். நவாபின் கடன்களை அடைக்க அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கியது சென்னை மாகாண அரசு. வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் அங்கே குடியேறின. கலச மஹால், ஹுமாயூன் மஹால் என்ற இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் கோபுரம் எழுப்பி இணைத்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம்.

வாங்கியது லாபமா? இடத்தைப் பொறுத்தவரை பெரிய லாபம். நகரத்தின் மையத்தில், கடற்கரையோரத்தில் ஒரு வளாகம் அரசுக்குக் கிடைத்தது. ஆனால் அரண்மனையாகக் கட்டியதை ஆபீசாகப் பயன்படுத்தினால் அதற்கேற்ற பராமரிப்பு வேண்டும். 2012 ஜனவரியில் கலச மஹாலில் பெரும் தீ பரவியது. அதை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் பல கோடி செலவில் அந்த மஹால்களைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. கட்டடத்தை வாங்குகிறவர் அதன் வயதையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதை அரசு பாடமாகக் கற்ற இடம் அது.

மும்பையில் நடந்தது என்ன?

நம் காலத்தில் நடந்த பெரிய உதாரணம், மும்பை நரிமன் பாயின்ட்டில் இருக்கும் ஏர் இந்தியா கட்டடம். 1974இல் கட்டி முடிக்கப்பட்ட 23 மாடிக் கட்டடம். உச்சியில் ஏர் இந்தியாவின் சின்னத்தோடு பல சினிமாக்களில் வந்ததால் தமிழ் ரசிகர்களுக்கும் பார்த்த முகம்தான். விமான நிறுவனம் 2013இல் தலைமையகத்தை டெல்லிக்கு மாற்றிக்கொண்டது. கடனில் இருந்த நிறுவனத்தின் சொத்துகளை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது, இந்தக் கட்டடமும் விற்பனைக்கு வந்தது.

மகாராஷ்டிர அரசுக்கு அப்போது இடப் பற்றாக்குறை. 2012 ஜூன் மாதம் தலைமைச் செயலகமான மந்த்ராலயாவில் தீப்பற்றிய பிறகு பல துறைகள் வெளியே போக வேண்டியிருந்தது. ஏர் இந்தியா கட்டடமோ நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1,601 கோடி ரூபாய்க்கு அதை வாங்க மகாராஷ்டிரம் முடிவு செய்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. மொத்தப் பரப்பு 46,470 சதுர மீட்டர், அதாவது சுமார் 5 லட்சம் சதுர அடி. கணக்குப் போட்டால் சதுர அடிக்கு சுமார் 32,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. கட்டடம் நின்ற மனை ஏற்கெனவே மகாராஷ்டிர அரசு குத்தகைக்குக் கொடுத்த மனை. அதனால் வாங்குகிறவருக்கு விற்கிறவர் பாக்கி வைத்திருந்தார்! அந்த நிலுவையும் வட்டியுமாகச் சுமார் 298 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்யவும் மாநில அரசு ஒப்புக்கொண்டது. ஆக, பத்திரத்தில் எழுதும் விலை மட்டுமே உண்மையான விலை ஆகிவிடாது. விட்டுக்கொடுத்த பாக்கி, அதன் பிறகு செய்யும் மராமத்து, இடம் மாற்றும் செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விலை தெரியும்.

உலகம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி, அதாவது நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரியான உள்ளாட்சி அமைப்பு, 2024இல் நகரின் மையத்தில் உள்ள 52 மாடி 'கேஸ் கம்பெனி டவர்' கட்டடத்தை 20 கோடி டாலருக்கு வாங்கியது. சில வருடங்களுக்கு முன்பு அதே கட்டடத்தின் மதிப்பு 60 கோடி டாலருக்கு மேல். கொரோனாவுக்குப் பின் வீட்டில் இருந்தே வேலை பார்க்கும் வழக்கம் பரவியதால் ஆபீஸ் கட்டடங்களின் விலை சரிந்தது. உரிமையாளர் கடனைக் கட்டவில்லை. கவுன்டியின் பழைய தலைமைக் கட்டடமோ 1960இல் கட்டியது. நிலநடுக்கத்தைத் தாங்காது என்ற கவலை இருந்தது. அதைப் பலப்படுத்தும் செலவைவிட, வேறு கட்டடத்தை வாங்குவது மலிவு என்பது நிர்வாகத்தின் வாதம்.

அதற்கும் எதிர்ப்பு இருந்தது. கவுன்டி வாரிய உறுப்பினர் ஜேனிஸ் ஹான் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய கட்டடத்துக்கு அவரது தந்தை கென்னத் ஹானின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அரசு அலுவலகங்கள் ஒரே வளாகத்தில் மக்களுக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் அவரது வாதத்தில் ஒன்று. உயரமான புதுக் கட்டடத்துக்கும் நிலநடுக்கப் பாதுகாப்புக்காகத் தனியே செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. மலிவாகக் கிடைப்பது எல்லாம் மலிவாகவே முடியும் என்று சொல்ல முடியாது.

பிரிட்டனில் இது இன்னும் மோசமாகப் போன கதைகள் உண்டு. ஸ்பெல்த்தோர்ன் என்ற சிறிய உள்ளாட்சி மன்றம் 2016இல் பிபி எண்ணெய் நிறுவனத்தின் அலுவலக வளாகத்தை 38 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. தான் உட்காருவதற்கு இல்லை, அதே நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பதற்கு. அடுத்தடுத்த கட்டடங்களையும் வாங்கி, மன்றத்தின் கடன் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. லண்டனின் க்ராய்டன் மன்றம் 2018இல் சுமார் 3 கோடி பவுண்டுக்கு ஒரு ஹோட்டலை வாங்கி, 2021இல் சுமார் 2.5 கோடிக்கு விற்றது. இடையில் 2020இல் அந்த மன்றமே வரவு செலவைச் சமாளிக்க முடியாது என்று அறிவிக்க நேர்ந்தது.

இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மும்பையும் லாஸ் ஏஞ்சலிஸும் தங்கள் சொந்தத் தேவைக்கு வாங்கின. பிரிட்டிஷ் மன்றங்கள் லாபத்துக்கு வாங்கின. உள்ளாட்சி வாங்கும் கட்டடம் பொதுப் பயன்பாட்டுக்கா, வியாபாரத்துக்கா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

வாடகையைவிட வாங்குவது லாபமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது உதாரணத்துக்காக மட்டும். 20,000 சதுர அடிக் கட்டடம். சதுர அடிக்கு 25 ரூபாய் வாடகை என்றால் மாதம் 5 லட்சம், வருடத்துக்கு 60 லட்சம் ரூபாய். அதே கட்டடம் 10 கோடிக்கு விலைக்கு வருகிறது. முழுவதும் கடன் வாங்கி, 8 சதவீத வட்டியில் 20 வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 8.36 லட்சம். வருடத்துக்கு சுமார் 1 கோடி.

ஆக, முதல் வருடத்தில் வாங்குவதுதான் அதிகச் செலவு. வாடகையைவிட 40 லட்சம் கூடுதல். ஆனால் தவணை ஏறாது, வாடகை ஏறும். வருடம் 5 சதவீதம் ஏறினால், 12ஆவது வருடத்தில் வாடகை தவணையைத் தாண்டிவிடும். 20 வருடம் முடிந்தால் தவணை நின்றுவிடும், கட்டடம் நம்முடையதாக இருக்கும். இதுதான் "வாங்கிப் போட்டுடலாமே" என்பவரின் நியாயம்.

மறுபக்கமும் உண்டு. வாங்கும்போதே கட்டடத்துக்கு வயது 25 என்றால், கடன் முடியும்போது 45. லிஃப்ட் மாற்ற வேண்டியிருக்கும், மேல்தளம் ஒழுகும், வயரிங் முழுவதும் புதிதாகப் போட வேண்டிவரும். வாடகைக் கட்டடத்தில் பெரிய மராமத்து உரிமையாளர் தலையில். சொந்தக் கட்டடத்தில் வரி கட்டுகிற மக்கள் தலையில். இதோடு கிரயப் பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு விலக்கு தந்தால் ஒழிய, 10 கோடிக்கு 90 லட்சம் அங்கேயே போய்விடும்.

பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை போன்ற சொந்த வருவாய் ஒன்று. மாநில அரசின் மானியம் இன்னொன்று. டுஃபிட்கோ போன்ற நகர்ப்புற நிதி நிறுவனங்களின் கடன் மற்றொன்று. நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அதை எடுத்துக் கட்டடம் வாங்க முடியாது. எந்தக் கணக்கில் இருந்து பணம் போகிறது என்று தெரிந்தால்தான், எந்தத் தெருவின் கால்வாய் வேலை தள்ளிப்போகிறது என்பதும் தெரியும்.

யார் முடிவெடுப்பது? விலையை யார் வைப்பது?

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதன் புதிய விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி தன் பெயரில் சொத்து வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் மேயரோ ஆணையரோ தனியாக முடிவெடுத்துவிட முடியாது. மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். பெரிய தொகை என்றால் அரசின் ஒப்புதலும் வேண்டும். கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பிறகு சரிபார்க்கும்.

விலை நிர்ணயத்தில் மூன்று எண்கள் மேசைக்கு வரும். பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் சமீபத்தில் பதிவான கிரயங்களின் விலை, கட்டடத்தின் தேய்மானம் கழித்த மதிப்பு. மூன்றும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு விலகியிருக்கிறது, ஏன் என்று ஃபைலில் எழுதியிருக்க வேண்டும். "யாரோட பில்டிங்க யாருக்காக" என்ற சந்தேகத்துக்குப் பதில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

உரிமையாளர் விற்க மறுத்தால்? அப்போது 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. நகர்ப்புறத்தில் நிலம், கட்டடம் ஆகியவற்றின் சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் தர வேண்டும். அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேசி வாங்குவதைவிட இது செலவு அதிகம், காலமும் அதிகம். முக்கியமாக, பொது நோக்கம் என்ன என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிவரலாம். இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம், முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் போயஸ் தோட்டத்து வேதா நிலையம். அதை நினைவிடமாக்க 2020இல் அரசு கையகப்படுத்தி 67.9 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தியது. மெரினாவில் ஏற்கெனவே நினைவிடம் இருக்கும்போது இன்னொன்றில் என்ன பொது நோக்கம் என்று கேட்ட சென்னை உயர் நீதிமன்றம், 2021 நவம்பரில் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. வீடு வாரிசுகளிடம் போனது. பணம் இருந்தால் மட்டும் போதாது, காரணமும் வலுவாக இருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் தனிச் சிக்கல் என்ன?

பட்டுச் சேலை எடுக்கிறவர் உடம்பையும் கரையையும் தனித்தனியாகப் பார்ப்பார். கோர்வை சரியாக விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார், ஜரிகையைச் சோதிப்பார். காஞ்சிபுரத்தில் கட்டடம் வாங்குகிறவரும் அப்படித்தான். மேலே நிற்கும் கட்டடத்தையும் கீழே இருக்கும் மனையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

காரணம், கோயில் ஊர். இங்கே பல இடங்களில் கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது அல்லது மடத்துடையது. தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டி வருகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கட்டடத்தை மாநகராட்சி வாங்கினால், சுவரும் கூரையும்தான் சொந்தமாகும். மனை ஆகாது. இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் 1959இன் 34ஆவது பிரிவின்படி, கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, 5 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். கோயிலுக்கு அது அவசியம் அல்லது நன்மை என்று காட்ட வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும். அனுமதி இல்லாத கிரயம் செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதிவு செய்யவிடாது. வாங்குவது மாநகராட்சி என்பதால் கோயிலின் உரிமை குறைந்துவிடாது.

அதனால் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேடு மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பத்திரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கை மாறியது எப்படி என்று விளங்காமல் இருந்தால், அங்கேயே நின்றுவிட வேண்டும். பாகப்பிரிவினை ஆகாத கூட்டுக் குடும்பச் சொத்து, அடமானத்தில் இருக்கும் சொத்து, வழக்கில் இருக்கும் சொத்து எல்லாம் இந்த மூன்றில் பெரும்பாலும் தலைகாட்டிவிடும்.

இரண்டாவது, தொல்லியல் சட்டம். கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதியோடு மட்டுமே கட்டலாம்.

இங்கேதான் கட்டியதை வாங்கும் யோசனைக்கு ஒரு சாதகம் வருகிறது. புதிதாகக் கட்ட முடியாத இடத்தில், ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை வாங்கிப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்கும் நிபந்தனை உண்டு. 100 மீட்டருக்குள் உள்ள கட்டடம் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்ததாக இருக்க வேண்டும், அல்லது அதன்பின் முறையான அனுமதியோடு கட்டியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பழுதுபார்க்கவே விண்ணப்பிக்க முடியும். அனுமதி இல்லாமல் எழும்பிய மாடியை அரசு அமைப்பே வாங்கிவிட்டால், பிறகு ஒரு ஆணி அடிக்கவும் வழி இருக்காது.

கட்டடம் தாங்குமா?

வெளியே கண்ணாடி பளபளவென்று இருக்கும். உள்ளே தளம் எவ்வளவு பாரத்துக்குப் போட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐஎஸ் 875), குடியிருப்புக்கும் தங்கும் விடுதி அறைக்கும் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரம் தாங்கினால் போதும். கடைக்கு சுமார் 400 கிலோ. ஆவணங்கள் அடுக்கும் அறைக்கும், மக்கள் நின்றபடி கூடும் மண்டபத்துக்கும் சுமார் 500 கிலோ.

இதன் அர்த்தம் என்ன? காந்தி சாலையில் இருப்பது போன்ற ஒரு பட்டுக்கடைக் கட்டடத்தை வாங்கினால் சாதாரண ஆபீசுக்குச் சரிவரலாம். ஆனால் 150 வருட நகராட்சிப் பதிவேடுகளை மூன்றாவது மாடியில் அடுக்க முடியாமல் போகலாம். லாட்ஜாகக் கட்டியதை வாங்கி, அறைச் சுவர்களை இடித்து ஹாலாக்கினால் சிக்கல் இன்னும் பெரிது. ஏனென்றால் சில பழைய கட்டடங்களில் பாரத்தைச் சுமப்பதே அந்தச் சுவர்கள்தான்.

நிலநடுக்கக் கணக்கும் உண்டு. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் 2002இல் வரைபடம் திருத்தப்பட்டபோது, சென்னை மண்டலம் 2இலிருந்து மண்டலம் 3க்கு ஏறியது. காஞ்சிபுரமும் அந்த வரைபடத்தில் மண்டலம் 3தான். 2002க்கு முன் வரைந்த கட்டடங்கள் பழைய கணக்குப்படி கட்டியவையாக இருக்கலாம். கான்கிரீட்டில் துளையிட்டு மாதிரி எடுப்பது, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது போன்ற சோதனைகளைப் பல்கலைக்கழகப் பொறியியல் துறைகளும், சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் செய்கின்றன. இந்தச் சோதனை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு நடக்க வேண்டும். கொடுத்த பிறகு வரும் அறிக்கை அலமாரிக்குத்தான் போகும்.

கூடவே கேட்க வேண்டியவை: அனுமதி பெற்ற வரைபடத்தின்படிதான் கட்டினார்களா, பணி நிறைவுச் சான்று இருக்கிறதா, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா, இரண்டாவது மாடிப்படி உண்டா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி பொதுக் கட்டடத்தில் சாய்தளம், லிஃப்ட், ஏற்ற கழிப்பறை கட்டாயம். விதிமீறிக் கட்டியவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய மாநகராட்சி, விதிமீறிய கட்டடத்திலேயே உட்கார்ந்துகொண்டு யாருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியும்?

எந்த இடம் யாருக்கு எட்டும்?

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற ஒருவர் வீட்டு வரி ரசீதில் பெயர் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆபீசுக்கு நடந்து போய்விட்டு 11 மணிக்குள் திரும்பினால் மீதி நேரம் தறியில் உட்காரலாம். இரண்டு பஸ் மாறி ஊருக்கு வெளியே போக வேண்டும் என்றால் அன்றைக்குத் தறி நின்றுவிடும். கூலியும் போச்சு. "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் இரண்டு நாள் கூலி. கட்டடத்தின் விலை சதுர அடிக் கணக்கில் எழுதப்படும். இந்தச் செலவு எந்த ஃபைலிலும் எழுதப்படாது.

அதற்காக ஊர் நடுவில் வாங்குவதுதான் சரி என்றும் சொல்லிவிட முடியாது. காந்தி சாலையில் முகூர்த்த நாட்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உத்திரம் என்று வீதிகள் மூடப்படும் நாட்கள் உண்டு. 2019இல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களும் ஊர் எப்படி இருந்தது என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் ஆம்புலன்ஸும் தண்ணீர் லாரியும் மாநகராட்சி வாசலில் இருந்து வெளியே வர முடிய வேண்டும்.

பெரிய கட்டடம் ஒன்றை வாங்குவதற்குப் பதில், மக்கள் நேரில் வரும் வேலைகளை மண்டல அலுவலகங்களுக்கும் வார்டுகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, தலைமை அலுவலகத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளலாம் என்ற வாதமும் இருக்கிறது. பாதி வேலை ஆன்லைனுக்குப் போய்விட்ட காலத்தில் அதையும் தள்ளிவிட முடியாது. எத்தனை சதுர அடி வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு கட்டடம் தேட வேண்டும். ஒரு கட்டடம் விலைக்கு வருகிறது என்பதற்காகத் தேவையை அதற்கேற்ப எழுதக் கூடாது.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர் உள்ளாட்சி ஒரு கட்டடத்தை வாங்கப் போகிறது என்று கேள்விப்பட்டால், வீட்டில் இருந்தபடியே சிலவற்றைப் பார்க்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு தெரியும். வில்லங்க விவரத்தையும் அங்கேயே கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். நிலப் பதிவேட்டை அரசின் நில ஆவண இணையதளத்தில் பார்க்கலாம். அடிமனை கோயிலுடையதா என்ற சந்தேகம் வந்தால் அறநிலையத் துறையிடம் கேட்கலாம்.

மாமன்றத் தீர்மானத்தின் நகல், மதிப்பீட்டு அறிக்கை, கட்டட உறுதி அறிக்கை, சட்டக் கருத்துரை ஆகிய நான்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 2022 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி தினம். கவுன்சிலரிடம் அங்கே கேட்கலாம்: "இந்தக் கட்டடம் எதுக்கு? வேற எத்தனை கட்டடம் பார்த்தீங்க? வாங்காம விட்டா என்ன ஆகும்?"

மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால், வாங்குவது நல்ல முடிவாகவே இருக்கலாம். இருக்கிற கட்டடத்தைப் பயன்படுத்தினால் சிமென்ட்டும் மணலும் மிச்சம், டெண்டர் விட்டுக் கட்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பதில் வரவில்லை என்றால், பத்திரப் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. கையெழுத்தான பிறகு அந்தக் கட்டடம் யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அதன் ஒழுகலும் கடனும் ஊரில் வரி கட்டும் எல்லோருக்கும் சொந்தம்.